மடிப்பு விட்டுத் தைத்தல்

பென்னாகரம் ரோட்டில் என் கடை.
ஜூன் பிறந்தால் சீருடை, சீருடை, சீருடை.
வளர்கிற பிள்ளையின் பாவாடைக்கு
மூன்று விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பேன்.
அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் போதும்.
பிரித்த இடம் மட்டும்
வெயில் காணாத நீலத்தில் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாதப்பன் கடையில்
ஜோடி எண்பது ரூபாய்க்குத் தங்கமீன் வாங்கினேன்.
'எவ்வளவு பெருசாகும்?'
தையல்காரி வேறென்ன கேட்பாள்?
'வைக்கிற பாத்திரத்துக்குத் தக்கன வளரும்க்கா.
அதுக்கே தெரியும்' என்றான்,
கவரில் காற்றடைத்து ரப்பர் பேண்ட் சுற்றியபடி.

பிடித்திருந்தது எனக்கு அந்தப் பதில்.
பத்துக்குப் பத்து அறைக்கு வாடகை கட்டுகிறவளுக்கு
தன் அளவு தெரிந்த உயிர் ஒன்று
கூட இருந்தால் நல்லதுதானே.

ஒன்றை, ரவிக்கை வாங்க வந்த கவுரம்மா
ஆசைப்பட்டுப் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோனாள்.
மற்றது ஊறுகாய் ஜாடியில்,
பாபின் டப்பாவுக்கும் சாக்பீஸுக்கும் நடுவில்.
ஜாடியின் வளைவும் தண்ணீரும் சேர்ந்து
அதைப் பெரிதாகக் காட்டின.
வளர்கிறது என்றுதான் மூன்று வருஷம் நினைத்திருந்தேன்.

போன தையில், வளைகாப்பு ரவிக்கை கொடுக்கப் போனபோது
கவுரம்மா தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.
தக்காளிக்குப் பாயும் தண்ணீர்
முதலில் விழுகிற சிமெண்ட் தொட்டி.
மோட்டார் ஓட ஓட ஒரு பக்கம் விழுந்து
மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருந்தது.
பாசிக்குள்ளிருந்து எழும்பி வந்தது
ஒரு குழம்புக் கரண்டி.
அதே நாள், அதே கவர், அதே எண்பது ரூபாய்.
கழுத்தில் கிடந்த டேப்பை நனைத்துப் பிடித்தேன்:
வாலோடு ஒன்பதரை அங்குலம்.

திரும்பி வந்து
என்னுடையதை எவர்சில்வர் தட்டில் தண்ணீரோடு ஊற்றினேன்.
இரண்டே முக்கால்.
முதுகில் ஒரு கூன்.
கண் மட்டும் பெரிய மீனுடையது.

பாத்திரம் பார்த்து அடங்கியது அல்ல அது.
தான் கழித்ததையே மூச்சாக இழுத்து,
நான் பாசத்தில் தூவிய தீனி
அடியில் அழுகிய நீரையே
மறுபடி, மறுபடி வாங்கி விட்டு
வளர முடியாமல் போனது.

எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
போர்த் தண்ணீர் பழுப்புக் கோடு போட்ட பல் என்னுடையது.
சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும்.
பெண் பார்க்க வந்தவர்கள்
'என்ன அடக்கம்!' என்றார்கள்.

நீல டிரம் ஒன்றைப் பாதியாய் அறுத்து வாங்கினேன்.
ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து
ஒரு ராத்திரி ஆற வைத்து
மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன்.
தீனி இரண்டு சிட்டிகை, அதற்கு மேல் இல்லை.
அறையில் எனக்கு நடக்க இடமில்லை இப்போது,
மெஷினைச் சாய்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

'இனிமேலா வளரப்போகுது?' என்றான் மாதப்பன்.
அவனும் பொய் சொல்லவில்லை.
அவன் கடையில் எந்த மீனும்
வளர்கிற வரைக்கும் இருந்ததில்லை.

ஆர்டர் நோட்டில் அதற்கு ஒரு பக்கம்.
பங்குனி: இரண்டே முக்கால்.
வைகாசி: இரண்டே முக்கால், நூல் கூட.
ஆடி: மூன்று.
கூன் அப்படியே.

மகளின் அளவைத் தேடிப் புரட்டிய ஒரு அம்மா
அங்கே நின்றாள்.
'இது யாருக்கு?
தோளும் இல்லை, கையும் இல்லை?'

சிரித்துவிட்டேன்.
கை பாதி தூரம் ஏறி
பிறகு, கத்தரியை எடுக்கப் போனது.